'முற்றும்' போடாத ஆட்டங்கள்

2011ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், அருகருகே அமைந்த இரண்டு அரங்குகளில் இரண்டு உரைகள் நிகழ்ந்தன. ஓர் அரங்கில், மருத்துவ விடுப்பில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் எதிர்பாராத விதமாக மேடையேறி இரண்டாம் ஐபேடை அறிமுகம் செய்தார். மற்றதில், வீடியோ ஆட்டங்களை உருவாக்குவோரின் ஆண்டு மாநாட்டில், ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் தலைவர் ஸடோரு இவாடா உரையாற்றினார். அவர் அடிப்படையில் ஒரு நிரலாளர். ஆட்டங்களைத் தம் கையால் எழுதிப் பழகியவர். செல்பேசித் தளங்களை நடத்துவோருக்கு ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகினால் போதும், ஓர் ஆட்டத்தின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்பது அவர் எழுப்பிய எச்சரிக்கையின் சாரம்.

தோற்றுக்கொண்டிருக்கும் வணிகரின் புலம்பலாகவே அது அன்று பலருக்கும் பட்டது. அதன்பின் நடந்தவையும் அந்த எண்ணத்துக்கே வலு சேர்த்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென் விலையில் வெளியான நின்டெண்டோ 3டிஎஸ் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆறே மாதத்தில் விலையை 15,000 யென்னாகக் குறைக்க நேர்ந்தது. இவாடா தமது ஊதியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். 2011-12 நிதியாண்டை அந்நிறுவனம் நட்டத்தில் முடித்தது. ஸோனி அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்ட வீட்டா கருவியின் நிலை இன்னும் மோசமாகி, 2019இல் அதன் உற்பத்தியே நின்றுபோனது. கையடக்க ஆட்டக் கருவிகளின் காலம் முடிந்தது, இனி எல்லாம் செல்பேசியே என்று ஆரூடம் சொல்லாத பொருளாதாரப் பத்தியாளர்கள் அந்த ஆண்டுகளில் அரிது.

அந்த ஆரூடம் பலிக்கவில்லை என்பதை இன்று அறிவோம். 2017இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்றது. 2025 ஜூனில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு நான்கு மாதங்களுக்குள் ஒரு கோடியைத் தாண்டியது. 2022இல் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கும், அதைப் பின்பற்றி வேறு சில நிறுவனங்களின் கருவிகளும் வந்தன. ஆகவே, செல்பேசியா கருவியா, யார் வென்றார் என்ற பழைய வழக்கை மீண்டும் நடத்துவதில் நமக்கு ஆர்வமில்லை. இந்தப் போட்டியில் கருவிகள் பிழைத்துக்கொண்டன. பிழைக்க முடியாமல் போனது வேறொன்று. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

முதலில் சற்றுப் பின்னே செல்வோம். கையில் அடங்கும் மின்னணு ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நின்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யொகோய். புல்லட் ரயிலில் அலுப்புற்ற ஓர் அலுவலர் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். 1980இல் அவர் உருவாக்கிய 'கேம் & வாட்ச்' வரிசை கால்குலேட்டர்களில் இருந்த மலிவான திரவப் படிகத் திரையையே பயன்படுத்திக்கொண்டது. பழகித் தேய்ந்து விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவது என்பதே அவரது கொள்கை. 1989இல் வந்த கேம் பாய் அந்தக் கொள்கையின் உச்சம். வண்ணமற்ற, பச்சை படர்ந்த திரை; நான்கு பென்சில் பேட்டரி. வண்ணத் திரையோடு வந்த ஸேகா கேம் கியருக்கு ஆறு பேட்டரி வேண்டும், அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய் பல மணி நேரம் ஓடியது, கீழே விழுந்தாலும் உடையாது, விலையும் குறைவு. வண்ணத் திரையுடன் பின்னர் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து, ஏறத்தாழ 11.9 கோடிக் கருவிகள் விற்றன.

இந்தக் கருவி மற்றோர் ஏற்பாட்டையும் தன்னுடன் கொண்டுவந்தது. ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு விலை. வாங்கியவருக்கும் செய்தவருக்கும் இடையிலான கணக்கு கடையிலேயே முடிந்துவிடும். அதன்பின் வாங்கியவர் பத்து மணி நேரம் ஆடினாலும், பத்தாண்டுகள் ஆடினாலும், நண்பருக்கு இரவல் கொடுத்தாலும், பழைய பொருட்கள் கடையில் விற்றாலும் செய்தவருக்குப் பத்துக் காசு வரப்போவதில்லை. ஆகவே செய்தவரின் கவனமெல்லாம் ஒன்றின்மேல்தான் இருக்க முடியும்: கொடுத்த விலைக்கு அது தகுமா? நல்ல ஆட்டமாக இருந்தால் அடுத்ததையும் வாங்குவார்கள். நூலுக்கும் வாசகருக்கும் உள்ள உறவும் இதுவே. ஒரு நாவலை வாங்கிவிட்ட பிறகு, நாம் அதை எந்த வேகத்தில் படிக்கிறோம், எங்கே கண்ணயர்கிறோம் என்பது பதிப்பாளரின் கவலை அல்ல.

செல்பேசி இந்த ஏற்பாட்டைக் குலைத்த விதம் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் அது கருவிகளையே போலிசெய்தது. நோக்கியா 1997இல் தன் பேசியில் சேர்த்த 'ஸ்நேக்' பாம்பு, தனியே விலை எதுவும் கேட்காத எளிய உபரி. அதே நிறுவனம் 2003இல் வெளியிட்ட என்-கேஜ் பேசியும் கருவியும் ஒன்றான கலவை. ஓர் ஆட்டத்தை எடுத்து இன்னொன்றைச் செருக, பின்மூடியைக் கழற்றி பேட்டரியையும் எடுக்க வேண்டும். பேசுவதென்றால் அதன் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது நகைப்புக்கு இடமானதில் வியப்பில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தபோதுதான் உண்மையான போட்டி தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஆட்டம் எழுதலாம், உலகம் முழுதும் விற்கலாம். 2009 டிசம்பரில் ஃபின்லாந்தின் ரோவியோ நிறுவனம் வெளியிட்ட 'ஆங்ரி பேர்ட்ஸ்' 99 சென்ட் விலையில் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. கவண் இழுத்துக் கல்லெறிவதுபோல ஒரு விரலால் பறவையை இழுத்து விடுவது, கண்ணாடித் திரைக்கென்றே பிறந்த ஆட்டம். அதைக் குறைசொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

திருப்பம் அதற்குச் சில வாரங்கள் முன்பே நிகழ்ந்திருந்தது. 2009 அக்டோபரில், இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருட்களை விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. விலையை 99 சென்டுக்கு இறக்கியவர்களால் சுழியத்தோடு போட்டியிட முடியவில்லை. ஆட்டம் இலவசம் என்றாகிவிட்டால், பணம் ஆடும்போதுதான் வர வேண்டும். ஆடும்போது பணம் வர வேண்டுமென்றால், ஆடுபவர் ஏதோ ஓரிடத்தில் தடுமாற வேண்டும், காத்திருக்க வேண்டும், ஏங்க வேண்டும். ஐந்து உயிர் தீர்ந்தால் அரை மணி நேரம் பொறு, அல்லது பணம் கொடு. இந்தக் கட்டத்தைத் தாண்டச் சுத்தியல் வேண்டுமா, பணம் கொடு. ஆட்டத்தைச் செய்பவர் முன்பு ஆடுபவருடைய மகிழ்ச்சிக்கு விலை வைத்தார்; இப்போது அவரது பொறுமையின்மைக்கு விலை வைக்கிறார். திறமை குறைந்தோரோ பேராசைக்காரரோ இந்தத் தொழிலுக்குள் திடீரெனப் புகுந்துவிடவில்லை. வரவு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே வடிவமைப்பும் போய் நிற்கிறது, அவ்வளவே.

ஜப்பானில் இது 'கச்சா' என்ற பெயரில் நுட்பமடைந்தது. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை ஒன்று விழும் இயந்திரத்தின் பெயர் அது. எந்தப் பொம்மை என்பது அதிர்ஷ்டம். செல்பேசி ஆட்டங்களில் கதாபாத்திரங்களும் ஆயுதங்களும் அப்படியே விழுந்தன. குறிப்பிட்ட பொருட்கள் அனைத்தையும் சேர்த்தால் அரியதொரு பரிசு என்ற வகை எல்லை மீறிப் போனதால், 2012 மே மாதம் அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை அது சட்டவிரோதம் என்று அறிவித்தது. அமெரிக்காவிலும் பிரச்சினை வந்தது. பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தைகள் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர 2014 ஜனவரியில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆட்டத்தில் வரும் தங்கக் காசும் தந்தையின் வங்கிக் கணக்கும் ஒரே விரல் தொடுகையில் இணைந்திருப்பது ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இவாடா நெடுநாள் இதனுள் இறங்க மறுத்தார். பங்குதாரர்கள் நெருக்கினார்கள். 2015 மார்ச்சில் டீஎன்ஏ என்ற செல்பேசி ஆட்ட நிறுவனத்துடன் கூட்டு அறிவித்தார். நான்கு மாதங்களில் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கூட்டின் பயனாக 2016 டிசம்பரில் 'சூப்பர் மரியோ ரன்' வந்தது. முதல் சில கட்டங்கள் இலவசம், பிடித்திருந்தால் 9.99 டாலர் ஒரே முறை கொடுத்து முழுவதையும் பெறலாம். நேர்மையான விலை. கோடிக்கணக்கானோர் தரவிறக்கினர், விலையைக் கண்டதும் பெரும்பாலானோர் விலகினர். வருமானம் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில வாரங்கள் கழித்து வந்த 'ஃபயர் எம்பளம் ஹீரோஸ்' கச்சா முறையில் அமைந்தது. மரியோவைவிட மிகக் குறைவானோரே அதை ஆடினர். ஆனால் மரியோவைவிட அதிகம் சம்பாதித்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற ஆட்டப் பாத்திரமே ஒற்றை விலையில் நிற்க முடியாத சந்தையில், பெயரற்ற இளம் கலைஞர் எங்கே நிற்பார்?

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. மேலே சொன்ன ஆங்ரி பேர்ட்ஸின் பழைய வடிவத்தை, ரசிகர்கள் வேண்டிக் கேட்டதால், விளம்பரமும் உள்விற்பனையும் இல்லாமல் அதே 99 சென்ட் விலைக்கு 2022இல் ரோவியோ மீண்டும் வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் அதைக் கூகுள் கடையிலிருந்து நீக்கியது. ஆப்பிள் கடையில் ஆங்ரி பேர்ட்ஸ் என்ற பெயரையே அதிலிருந்து எடுத்துவிட்டது. தனது மற்ற ஆட்டங்களின்மேல் அது ஏற்படுத்தும் தாக்கத்தையே காரணமாகச் சொன்னது. தோல்வியடைந்த பண்டத்தைக் கடையிலிருந்து எடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு முறை விலை கொடுத்தால் நிம்மதியாக ஆடலாம் என்ற பண்டம், ஓயாமல் விலை கேட்கும் தன் உடன்பிறப்புகளுக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கப்பட்டதை இங்கேதான் காண்கிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நம் வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு 'தொடரும்' என்ற சொல்லின் வசீகரம் தெரியும். வாசகரை அடுத்த வாரம் வரவழைப்பதற்கென்றே அத்தியாயத்தின் கடைசி வரியில் கத்தியை ஓங்க வைப்பார்கள். அதில் வணிகம் இருந்தது. அதற்குள்ளேயே நல்ல நாவல்களும் பிறந்தன. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் ஒரு வாரம் 'முற்றும்' என்று அச்சாகும். அந்தச் சொல் வரும் என்பதால்தான் அதுவரை படித்தவை அனைத்தும் ஒரு வடிவம் கொண்டன. இலவசச் செல்பேசி ஆட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. கேண்டி க்ரஷ் 2012இல் தொடங்கியது. அதன் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகி இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முடிவற்ற ஒன்றைப் பற்றி, அது நன்றாக இருந்ததா என்று கேட்கவே வழியில்லை. இன்று வந்தாயா, நாளை வருவாயா என்பதே அதன் ஒரே கேள்வி. வருகை குறைந்தால் ஒரு நாள் வழங்கிக் கணினியை அணைத்துவிடுவார்கள். அது முடிவு அல்ல, கடையடைப்பு.

இதற்கு எதிராக எழும் வாதம் வலுவானது. நம் நாட்டில் கேம் பாய் வைத்திருந்த சிறுவர்கள் எத்தனை பேர்? பெட்டியின்மேல் '9999 ஆட்டங்கள்' என்று எழுதிய, உள்ளே டெட்ரிஸைத் திருப்பித் திருப்பிக் காட்டும் மலிவான செங்கல் ஆட்டப் பெட்டிதான் நமக்குக் கிட்டியது; பிறகு நோக்கியா பாம்பு. ஒரு ஸ்விட்ச் வாங்கும் பணத்தில் குடும்பத்துக்கே பயன்படும் செல்பேசி ஒன்றை வாங்கிவிடலாம். அதன்பின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சில ஆயிரம் ரூபாய் வேறு. இந்தக் கலையைக் கோடிக்கணக்கான எளிய மனிதர்களின் கையில் கொண்டுவந்து சேர்த்தது செல்பேசிதான். குறைந்த விலைப் பேசியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆடும் சிற்றூர் மாணவனிடம் கார்ட்ரிட்ஜின் மாண்பைப் பற்றி உபதேசிப்பது வசதி படைத்தவரின் அலட்டலாகவே ஒலிக்கும்.

இதை மறுக்க மாட்டோம். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாணவனுக்குக் கிடைத்தது ஆட்டத்தின் மலிவுப் பதிப்பு மட்டுமன்று, வேறு வகை ஒப்பந்தமும்கூட. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள ஓர் உலகம், ஒரே விலையில். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் உண்டியல் குலுக்கும் உலகம். பொது நூலகத்தில் இலவசமாகக் கிடைப்பதும் பணக்காரர் வாங்குவதும் ஒரே நாவல்தான். ஏழைக்கென்று முடிவை நீக்கிய பிரதியை எவரும் அச்சிடுவதில்லை. இந்தக் கலையில் அதுதான் நடந்திருக்கிறது. 'இலவசம்' என்ற சொல்லை வாழ்த்தும்போது, மிகக் குறைந்த வசதியுள்ளவரிடமே மிக மோசமான பேரம் போய்ச் சேர்வதை மறந்துவிடக் கூடாது.

கருவி செய்வோரைப் புனிதர்களாக்கும் எண்ணமும் நமக்கில்லை. இரண்டையும் வாங்கவைக்க போகேமானை 1996இலேயே இரு பதிப்புகளாகப் பிரித்து விற்றவர்கள் அவர்கள். 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ் கருவியின் இணையக் கடையை நின்டெண்டோ மூடியது. கார்ட்ரிட்ஜாக வராமல் அங்கு மட்டுமே விற்ற ஆட்டங்களை இனி நேர்வழியில் வாங்க இயலாது. ஸ்விட்ச் 2இல் சில அட்டைகளுக்குள் ஆட்டமே இல்லை. இணையத்திலிருந்து தரவிறக்க உரிமை தரும் சாவி மட்டுமே உண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.  இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. 1989இன் டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ் இன்றும் எவருடைய அனுமதியும் இன்றி ஓடும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் அனைத்தும் ஒரே இரவில் செயலற்றன. எழுதியவர் திருத்தி வெளியிடாத ஆட்டங்கள், காசு கொடுத்து வாங்கியவை உட்பட, புதிய பேசிகளிலிருந்து மறைந்தன. பத்தாண்டு வயதுகூட ஆகாத படைப்புகள் அவை.

ஆகவே, நம் நிலைப்பாடு கருவியின் பக்கம் என்பதைவிட, அது காத்துவந்த ஒப்பந்தத்தின் பக்கம் என்பதே பொருத்தம். அந்த ஒப்பந்தம் செல்பேசியில் சாத்தியமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெல்பர்னில் உருவாகி 2018இல் வெளிவந்த 'ஃப்ளோரன்ஸ்' முழுதாக ஆட முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு பெண்ணின் முதல் காதல், அதன் முடிவு. அவள் அவனுடன் முதன்முதலில் பேசும்போது வார்த்தைக் குமிழிகளைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். நெருக்கம் கூடக் கூடத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு இலகுவாகிறது. ஒரு சிறுகதை செய்யும் வேலையை விரல் நுனியில் செய்துகாட்டிய படைப்பு. 2014இல் வந்த 'மான்யுமெண்ட் வாலி'யும் அத்தகையது. ஆனால் அதன் கூடுதல் கட்டங்களுக்கு இரண்டு டாலர் கேட்டபோது, பணம் கேட்பதா என்று சினந்து ஒற்றை நட்சத்திரம் வழங்கியவர்கள் பலர். ஒரு கோப்பைக் காப்பியைவிடக் குறைந்த விலை அது.

அந்த ஒற்றை நட்சத்திரங்களில்தான் இவாடாவின் அச்சம் மெய்யானது. கருவிகள் விற்கும், செல்பேசிகளும் விற்கும். ஒரு படைப்புக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பது இயல்பு என்ற எண்ணம் ஆடுபவர் மனத்திலிருந்து அகன்றுவிட்டால், நல்ல படைப்பாளிக்கு இரண்டு வழிகளே மிஞ்சும்: உண்டியல் குலுக்கக் கற்றுக்கொள்வது, அல்லது விலகிப்போவது. இதைச் சட்டத்தால் மட்டும் மாற்றிவிட முடியாது. குழந்தைகளைக் குறிவைக்கும் சூதாட்ட உத்திகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை என்றாலும்.

நம்மால் இயன்றது சிறிது. வீட்டில் ஒரு பிள்ளை ஆட விரும்பினால், 'இலவசம்' என்ற பட்டியலுக்குப் போகுமுன், நூறோ இருநூறோ கொடுத்து, விளம்பரமும் உள்விற்பனையும் இல்லாத ஓர் ஆட்டத்தைச் செல்பேசியிலேயே வாங்கித் தருவோம். பிள்ளை அதை ஆடி முடிக்கட்டும். முடித்துவிட்டு என்ன நினைத்தது என்று கேட்போம். ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்பதைப் போலவே.